படைக்கும் முன் ஒரு வாய்

தை மாதம் எங்கள் ஓடைப்பட்டி வீட்டுக்குப் பின்னால் முதன்முதலாகக் காய்கறித் தோட்டம் போட்டேன். பங்குனியில் முதல் சுரைக்காய் வந்தது. முதல் காய் குலசாமிக்கு என்று கூட்டு வைத்தேன். படைக்கும் முன் ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், பள்ளி விட்டு வந்த மகள் கரண்டியும் கையுமாக நிற்கிறாள்.

“ஏன்டி, சாமிக்கு முன்னாடி எச்சி பண்ணிட்டியே!”

“கசக்குதும்மா.”

“தப்பிக்கப் பொய் சொல்லாத.”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதினி பதறிவிட்டார். “கசந்த சுரைக்காயா? துப்பு ஆத்தா! அதத் தின்னுதான் எங்க மாமனார் ரத்த வாந்தி எடுத்தாக. பிரசாதம்னு எல்லாரும் தின்னுருப்பீகளே!”

“முழுங்கிட்டியா?” கரண்டியைப் பிடுங்கினேன்.

“அப்பவே துப்பிட்டேன்மா.”

நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தேன். வேப்பங்காய் தோற்றது. கூட்டைக் குழிதோண்டிக் கொட்டினேன். அன்று சாமிக்கு வெறும் தயிர்சோறு.

மதினி சொன்னது உண்மை. முகம் சுளிக்காமல் எல்லோரும் சாப்பிட்டிருப்போம். இப்போதெல்லாம் படைக்கும் முன் ருசி பார்க்கிறேன். சாமி கோபிக்குமா, தெரியவில்லை. அன்றைக்கு அவளுக்கு அத்தனை பசியைக் கொடுத்தது யார் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.