விரிந்தால் வேஸ்ட்

கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் இயற்கை எனக்கு ஷிஃப்ட் கணக்கில்தான் வந்தது. ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் பாதி ஆளோடு திரும்ப ஓடத் தொடங்கியிருந்தன. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒரு ஃபோன்தான். அது அப்பாவின் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். மத்தியானம் முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பாக்கள் வீடு திரும்பும் நேரத்தில் என் ஃபோனில் மைனாக்கள் கத்தத் தொடங்கும்.

நான் தளி போகும் சாலையில் ஓர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். ஆன்லைன் வகுப்பு என்றால் பாதிப் பிள்ளைகளுக்குச் சிக்னல் இல்லை, மீதிப் பேருக்கு டேட்டா இல்லை. அதனால் ஒன்று சொன்னேன். வீட்டுப் பக்கம் ஏதாவது ஒன்றை, செடியோ எறும்போ, தினமும் பாருங்கள். பார்த்ததை வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்புங்கள். முடிந்தால் ஒரு ஃபோட்டோ. கணக்குப் போடச் சொல்லாமல் பூவைப் பார்க்கச் சொல்கிறாளே என்று சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம், அதனால் யாரும் நேராகக் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு, மாடி அறையில் ஜன்னலோரம் பாயைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குரலாகக் கேட்பேன். எதிரெதிரே வரும் எறும்புகள் முகத்தோடு முகம் வைத்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகின்றன என்று தொரப்பள்ளிப் பையன் ஒருவன் சொன்னான். வாசலில் கிடக்கும் கல் வளர்கிறது என்று ஒருத்தி அடித்துச் சொன்னாள். அவர்கள் பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில், கன்னடத்தில் யாரையோ சாப்பிடக் கூப்பிடும் ஒரு குரல், தகரக் கூரையில் தூறல். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. போகாத வீடுகளின் வாசலில் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த மத்தியானங்கள் அவ்வளவு சுகம்.

அந்தச் சுகத்தைக் கலைத்தவள் ஒருத்திதான். அவள் அப்பா லாரியில் வடக்கே போனவர், இன்னும் திரும்பவில்லை. அம்மாவுக்குத் தளிப் பக்கத்து ரோஜா ஷெட்டில் வேலை. பாலிதீன் கூரை போட்டு ரோஜா வளர்ப்பார்களே, அந்த ஷெட். கல்யாணமும் விமானமும் நின்றுபோனதால் ஷெட்டை மூடிவிட்டார்கள். அம்மாவும் ஃபோனும் வீட்டில்தான். அம்மா கொண்டுவந்து பெயிண்ட் டப்பாவில் நட்ட ரோஜாக் குச்சி துளிர்த்து முதல் மொட்டு விட்டிருந்தது. அதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற பிள்ளைகளின் செம்பருத்தியும் பூசணியும் பூத்து வாடிவிட்டன. இவளிடமிருந்து மட்டும் தினமும் ஒரே வாக்கியம்: "மொட்டு நல்லா இருக்குது டீச்சர்." ஃபோட்டோவிலும் அதே மொட்டு, மேலே வெள்ளையாக ஏதோ மங்கல். பழைய படத்தையே திருப்பித் திருப்பி அனுப்பி என் காதில் பூச் சுற்றுகிறாளோ என்று நேரடியாக ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"கேப்பு போட்டிருக்கேன் டீச்சர். விரிஞ்சா வேஸ்ட்டு," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற குரல்.

பிறகுதான் விளங்கியது. ஷெட்டில் ஒவ்வொரு மொட்டுக்கும் இழுபடுகிற ஒரு சின்ன வலைத் தொப்பி மாட்டுவார்கள், இதழ் பிரியாமல் இருக்க. மொட்டாகவே வெட்டிப் பெட்டியில் அடுக்கினால்தான் வெளிநாடு போகும். செடியிலேயே விரிந்த பூவை யாரும் எடுக்க மாட்டார்கள். எந்த வரிசையில் விரிந்ததோ அந்த வரிசைக்காரிக்குத் திட்டு விழும். அம்மாவின் சாப்பாட்டுப் பையில் ஒட்டிக்கொண்டு வந்த தொப்பியை எடுத்து இவள் மாட்டியிருக்கிறாள். பூவைப் பார் என்று நான் சொன்னேன், பூக்காமல் பார்த்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குள் அம்மா ஃபோனை வாங்கினார். "திங்கக்கெழமலருந்து ஷெட்டு தொறக்கறாங்க டீச்சர். இவளையும் கூட்டிக்கினு போயிடறேன். கேப்பு மாட்டற வேலதான், கை நல்லா வருது இவளுக்கு."

சுர்ரென்று ஏறியது எனக்கு. நாலாம் கிளாஸ் பிள்ளை! சட்டம் பேச வாய் துடித்தது. பேசினால் ஃபோனை வைத்துவிடுவார், அதோடு அந்தப் பிள்ளை போயிற்று. லைன் வீட்டில் பெண் பிள்ளையை நாளெல்லாம் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, இப்போதே அந்தத் தொப்பியைக் கழற்றுங்கள், பூ விரிகிறவரை பிள்ளை பார்க்கட்டும், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றேன்.

"விரியறதுல என்னா டீச்சர் இருக்குது பாக்க?" என்று சிரித்தார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கேப்பைக் கழட்டுடி என்று பிள்ளையிடம் சொல்வது கேட்டது. பிறகு, திங்கட்கிழமை வரைக்கும்தான் என்றார்.

அந்த வாரம் பார்த்துத்தானா பனியும் தூறலும் வர வேண்டும்! வெயில் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனால் பிள்ளையின் பேச்சு நீண்டது. வெளி இதழ் ஒன்று மடங்கியிருக்கிறது, உள்ளே நிறம் வேறு மாதிரி, மழைத்துளி உருண்டு ஓடுகிறது, ஒட்டவில்லை என்றாள். அதையே போட்டுப் போட்டுக் கேட்டேன். கண்ணை மூடினால் தளி மேட்டில் வரிசை வரிசையாக மொட்டுகள், ஏதோ ஒரு காற்றில் எல்லாத் தொப்பியும் ஒன்றாகக் கழன்று மிதந்து போவதுபோல் இருக்கும். விழித்தால் அதே தூறல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

திங்கட்கிழமை காலை டீ கொதிப்பதற்குள் மெசேஜ் வந்தது. அம்மாவின் குரல், பின்னால் ஷெட் வேன் ஹாரன்.

"விரிஞ்சிடுச்சுங்க டீச்சர். பார்த்ததும் கை தானா கத்திரியத் தேடுது. திட்டு வாங்கப் போறேன்னு ஒரு பயம் வேற, என் வூட்டு வாசல்ல யாரு திட்டப் போறாங்க! இத்தன வருசமா வெட்டறேன், செடியில நின்னு விரிஞ்சத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். ஃபோனையும் பிள்ளையிடமே விட்டுவிட்டுப் போகிறாராம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹாரன் திரும்பவும் அடித்தது. மெசேஜ் முடிந்தது என்று நினைத்தேன். இன்னொன்று வந்தது.

"சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள உதிர்ந்துடுமா டீச்சர்?"

ரோஜாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உதிராதும்மா, நீங்க போய்ட்டு வாங்க என்று பதில் அனுப்பினேன்.