மகன் வீட்டில் இரண்டு இரவு

ஜெர்மனியிலிருந்து மகன் அனுப்பிய பயணத் திட்டத்தைத் திருச்செங்கோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து வாங்கி வந்தேன். கைபேசியில் படிக்கும்போது விரல் பட்டால் பக்கம் எங்கேயோ ஓடிவிடுகிறது. தாளில் இருப்பது ஓடாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். மொத்தம் பத்து இரவுகள். ஃபிராங்க்பர்ட்டில் மகன் வீட்டில் இரண்டு. பாரிஸில் மூன்று. சுவிட்சர்லாந்தில் லூசர்ன் என்ற ஊரில் இரண்டு, வியன்னாவில் இரண்டு, பிராக் என்ற ஊரில் ஒன்று. அங்கிருந்து நேராக விமான நிலையம். திரும்பும் வழியில்கூட மகன் வீட்டு வாசலை மிதிக்கும்படி இல்லை.

நானும் மனைவியும் வெளிநாடு போவது அதுதான் முதல்முறை. எங்கள் இரண்டு மாடுகளையும் பார்த்துக்கொள்ளச் சம்மதித்த ஆள் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டதால் பயணமே சிறியது. அந்தச் சிறிய பயணத்தில் பெற்ற மகனின் வீட்டுக்கு இரண்டு இரவு, பெயர் தெரியாத விடுதிகளுக்கு எட்டு. கூட்டல் சரியாக இருந்தது. சரியில்லாதது வேறு ஏதோ என்று பட்டது.

எனக்கு இப்படிப் படுவதற்குக் காரணம் உண்டு. முப்பத்தோரு வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் வண்டிகள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியே இருக்கும். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை ராத்திரி நின்றது என்று பார்ப்பது என் பொறுப்பு. வேலை இல்லாத ஊரில் வண்டி நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் சொந்த ஊர் வழியாக வந்தும் வீட்டில் தங்காமல் வருகிற டிரைவர்தான் கவலைக்குரியவர். அவர் வீட்டில் ஏதோ நடந்திருக்கும். நான் பார்த்தவரை இது தப்பியதே இல்லை.

அதனால் மகன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். வேலை போய்விட்டதா? மருமகளுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லையா? கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் பின்னால் ஒரே வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. நல்ல வீடாக இருந்தால் மற்ற சுவர்களையும் காட்டக்கூடாதா? ஒருவேளை அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தால் தொந்தரவு என்று நினைக்கிறார்களோ? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. மற்ற இரண்டும் உண்மையானால் உதவி செய்யலாம். இது உண்மையானால் என்ன செய்வது?

மகனிடம் நேரடியாகக் கேட்டேன். "ஏஞ்சாமி, உங்க ஊட்டுல ரெண்டு ராத்திரிதானா?"

"ஊட்டுல என்னங்கப்பா இருக்குது? இவ்வளவு தூரம் வாரீங்க, நாலு ஊரப் பாத்துட்டுப் போங்க."

பதில் வேகமாக வந்தது. ஒப்பித்த பதில்தான் அவ்வளவு வேகமாக வரும்.

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் சகலை ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே என் மனைவி அவரிடம் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள். இலையில் பாயசம் விழும்வரை பேசாமல் இருந்தவர் பிறகு கேட்டார்.

"பையன் ஊட்டுல எத்தன நாளைக்குங்க?"

"ரெண்டு ராத்திரி."

"மகன் ஊட்டுக்குப் போனா மூணு மாசம், ஆறு மாசம்னு இருந்துட்டு வாரவியளப் பாத்திருக்கறனுங்க. ரெண்டு ராத்திரிக்குப் போறது நீங்கதானுங்க. பொண்ணு பாக்கப் போறாப்பல."

பந்தியில் நான்கைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயசத்தைத் தொடாமலே இலையை மடித்தேன்.

மகனிடம் மறுபடி கேட்டால் மறுபடி அதே பதில்தான் வரும். வேறு வழியாகப் போக வேண்டும். அப்போதுதான் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி கண்ணில் பட்டது. ஒவ்வொரு தாளிலும் அன்று எந்தத் திசையில் சூலம் என்று போட்டிருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. என் மனைவிக்கு உண்டு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்பதால் ஈரோட்டுக்கு அவள் வெள்ளியில் போனதே இல்லை. அவளுடைய தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கே வியாழக்கிழமை போய்த் தங்கிக்கொண்டாள். சூலத்துக்குப் பரிகாரம் என்று வெல்லமோ தயிரோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு. "சூலத்துக்கு லஞ்சம் குடுக்கறாங்களாமா" என்பாள்.

ஒரு உலகப் படத்தையும் நாட்காட்டியையும் வைத்துக்கொண்டு மதியம் முழுவதும் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை பெங்களூரு விமான நிலையத்துக்குப் போகிறோம், வடக்கே சூலம். ஃபிராங்க்பர்ட்டிலிருந்து பாரிஸுக்கு வெள்ளிக்கிழமை; பாரிஸ் மேற்கே இருக்கிறது. அங்கிருந்து லூசர்னுக்குத் திங்கட்கிழமை, கிழக்கே சூலம். ஊர் திரும்புவது சனிக்கிழமை, அதுவும் கிழக்கு. நான்கு சூலம். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இவளே மகனைக் கூப்பிட்டு, "அங்கயும் இங்கயும் அலைய வேண்டாஞ்சாமி, உங்கூட்டுலயே இருந்துக்கறோம்" என்று சொல்லிவிடுவாள். அதற்கு மகன் என்ன சொல்கிறான் என்று பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

மாலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நான்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கீரையிலிருந்து அவள் தலையைத் தூக்கவில்லை.

"அதுக்கென்னங்க, ஒரு துண்டு வெல்லத்தக் கடிச்சுட்டுப் போனாத் தீந்துது."

"நாலு சூலமிருக்குது."

"நாலு துண்டு எடுத்து வெச்சுக்கறேன்."

நான் அவளையே பார்த்தேன். ஒரு சூலத்துக்காக ஈரோடு போகாதவள் நான்கு சூலத்தை மென்று விழுங்குகிறாள். மகன் மேல் இருந்த சந்தேகம் அந்த இடத்திலேயே திசை திரும்பியது.

"இந்தத் திட்டத்தப் போட்டது ஆரு?" என்று கேட்டேன்.

"உங்க பையன்."

"போடச் சொன்னது ஆரு?"

கீரைத்தண்டை ஒடித்து ஒடித்துப் போட்டாள். ஒடிக்க வேண்டாத தண்டையும் ஒடித்தாள்.

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

"எதுக்குன்னா என்னத்தச் சொல்ல? கலியாணமாயி இத்தன வருசத்துல நான் போன ஊரெல்லாம் சொந்தக்காரவிய ஊரு. சீரு, எழவு, காதுகுத்து. செருப்பக் கழட்டறதுக்குள்ள, 'இந்த வெங்காயத்த மட்டும் உரிச்சுக் குடுத்துருங்க'ம்பாங்க. கோயிலுக்குப் போனாலும் அங்க நாலு பேரு வந்து, நீ ஆரூட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க. பையன் ஊட்டுல பத்து நாள் இருந்தா நீங்க சோபாவுல உக்காந்துட்டு, 'இன்னைக்கு என்ன கொழம்பு'ன்னு கேப்பீங்க. நான் அங்கயும் வெங்காயந்தான் உரிக்கோணும். என்னைய ஒருத்தருக்கும் தெரியாத ஊருல சும்மா நடந்து பாக்கோணுமுங்க. அவ்வளவுதான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"பையன் ஊடு இருக்கறப்ப ஓட்டல் எதுக்குன்னு சொல்லுவேன்."

"அதுக்குத்தானுங்க சொல்லல."

அவள் சொன்னது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அதுதான் எனக்கு உறுத்தியது. அலுவலகத்தில் முழுக்கப் பொருந்தி வருகிற கணக்கைத்தான் நான் இரண்டாம் முறை பார்ப்பேன். மகனுக்கு எங்களை வைத்துக்கொள்ள விருப்பமில்லை. அது எனக்குத் தெரியக்கூடாது என்று பழியை இவள் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். அப்படியும் இருக்கலாம் அல்லவா? தாய்மார்கள் செய்யக்கூடியதுதான்.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பார்த்து மருமகளைக் கூப்பிட்டேன். மகனைக் கூப்பிட்டால் அவன் யோசித்துப் பேசுவான். வழக்கமான அதே வெள்ளைச் சுவருக்கு முன்னால் மருமகள் வந்தாள்.

"கண்ணு, மொதல்ல போட்ட திட்டத்துல உங்க ஊட்டுல எத்தன ராத்திரி?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அத்தை சொல்லிட்டாங்களாங்க மாமா?"

"சொல்லிட்டாங்க."

"ஏழுங்க. பாரிஸ் மட்டும் மூணு. உங்களுக்குன்னு கட்டிலெல்லாம் வாங்கிட்டமுங்க. அப்புறம் அத்தை கூப்பிட்டு, வேண்டவே வேண்டாம், ரெண்டு ராத்திரி போதும், மாமாகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னாங்க."

"கட்டிலக் காட்டு பாக்கலாம்."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். படம் ஆடியது, ஒரு கதவு, ஒரு நடை, ஒரு சிறிய அறை. ஜன்னலோரம் இருவர் படுக்கும் மரக்கட்டில். அதன்மேல் மடிக்காத துணிகள் குவிந்து கிடந்தன. ஒரு கால் தரையைத் தொடவில்லை போலிருக்கிறது. அதன் கீழே அட்டையை நான்காக மடித்து வைத்திருந்தார்கள்.

மகனின் குரல் எங்கிருந்தோ கேட்டது. "அப்பாவா? அந்தக் கட்டிலப் பூட்டறதுக்குள்ள எனக்கு இடுப்பே போயிருச்சுங்கப்பா. தனித்தனிப் பலகையாத்தான் தாரான். ஒரு கால் இன்னும் ஆடுது. நீங்க வந்து சரி பண்ணிக் குடுங்க."

ஏமாற்றுவதற்காகக் காட்டும் கட்டிலுக்கு யாரும் காலடியில் அட்டை மடித்து வைக்கமாட்டார்கள். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. கைபேசியை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்து மகன் இரண்டு தடவை "அப்பா, கேக்குதுங்களா?" என்றான்.

"கேக்குது சாமி."

"அம்மாகிட்டச் சொல்லி பாரிஸ்ல ஒரு ராத்திரி, வியன்னாவுல ஒரு ராத்திரி கொறைச்சு இங்க சேத்தட்டுங்களா? இன்னும் எதையும் பதிவு பண்ணல."

என் மனைவி வாளியோடு கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. வாளியைக் கீழே வைக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் சொல்லப்போகும் எண்ணுக்காக நின்றாள்.

"வேண்டாம். இருக்கறபடியே போட்டுரு," என்றேன்.

"நெசமாங்களா?" என்றான் மகன்.

"நெசந்தான்."

அவள் வாளியோடு மறுபடி வெளியே போனாள். நான் அச்செடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைகால் கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். தொழுவத்துக்குள்ளிருந்து அவள் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. அவளுடைய கைபேசியில் மகன்.

"உங்கப்பா சரின்னு சொன்னத நம்பாத சாமி. ஏதோ மனசுல வெச்சுட்டுத்தான் சொல்றாரு. விடிஞ்சா மாத்திப்போடுவாரு. டிக்கெட்ட இன்னைக்கே போட்டுரு."