பரந்தாமன் எடுத்துக் கொடுத்த பதிவேடு

சனிக்கிழமை காலை மண்ணூரிலிருந்து முனுசாமி போனில் பேசினார். எங்கள் தீவன ஆலையில் மூட்டை தூக்கியவர். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறார். "சார், நம்ம கெமிஸ்ட் பரந்தாமன் சார் பூட்டாரு. தூக்கத்துலயே." பிறகு, "அன்னிக்கி இன்னாத்துக்கு சார் அப்டி செஞ்சாரு? கேட்டீங்களா?" என்றார். நான் கேட்கவில்லை.

வாலாஜாபாத் சாலை ஆலையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த நாள் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோழி சீக்கிரம் எடை கூட, அனுமதியில்லாத ஆண்டிபயாடிக் பொடி ஒன்றை முதலாளி சொற்படி தீவனத்தில் கலந்தோம். கலவைப் பதிவேடுகள் இரண்டு. அதிகாரிகளுக்கானதில் பொடி இருக்காது. மேற்பார்வையாளனாக அதில் தினமும் கையெழுத்திட்டவன் நான். நமக்கானதில் பொடி இருக்கும். பண்ணையிலிருந்து புகார் வந்தால் பார்த்துக்கொள்ள. அதில் பரந்தாமன் கையெழுத்து மட்டும். இரண்டையும் எழுதியவர் அவரே. "பொய்யை கிறுக்கலா எழுதினா மாட்டிப்போம்யா" என்பார். தொழில் சுத்தம் அவருக்கு முக்கியம்.

சோதனைக்கு அதிகாரி வந்தபோது, அலமாரியைத் திறந்து, பொடி உள்ள பதிவேட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு டீ வரவழைத்தார் பரந்தாமன். அதைப் படித்துப் பார்த்த அதிகாரி அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். உண்மையை எதிர்பார்த்து அவர் வந்திருக்கவில்லை.

மாலைக்குள் ஆலைக்குச் சீல் வைத்தார்கள். உங்களில் பலருக்கு வேலை போனது. "இன்னாய்யா, கண்ணு தெர்லயா உனக்கு?" என்று முதலாளி கத்தினார்.

"கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன் முதலாளி."

கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது.

வழக்கில் முதலாளி பெயரும் பரந்தாமன் பெயரும் சேர்ந்தன. என் பெயர் இல்லை. என்னைக் காப்பாற்றினாரா, எல்லோர் பிழைப்பிலும் மண்ணைப் போட்டாரா, வெறும் மறதியா? வாய்தாவுக்குப் போகும் வழியில் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன். "வெயில் ஜாஸ்தியா கீதுய்யா" என்பதற்குமேல் பேசமாட்டார். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று நானும் கேட்கவில்லை.

அவர் மீதான வழக்கு அவரோடு முடிந்தது. பொடியைப் பரந்தாமன் தன்னிஷ்டத்துக்குக் கலந்தார் என்கிறது முதலாளி தரப்பு. நான் சாட்சி. "ஞாபகமில்லைன்னு சொல்லிடுங்க சார், போதும்" என்கிறார் அவர்களுடைய வக்கீல். சொல்லாவிட்டால் நான் கையெழுத்திட்ட பதிவேடும் வெளியே வரும்.

பரந்தாமனைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. யார் சொல்லிக் கலந்தோம் என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அவ்வளவுதான். புதன்கிழமை கூண்டில் ஏறி அதைச் சொல்லப்போகிறேன்.