ஆறாவது விநாடி

விஜயலக்ஷ்மியைப் பற்றிப் பேச்செடுத்தால் கல்கத்தாவில் எங்கள் தெருவில் எல்லோரும் "பாவம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நாற்பத்தாறு வயது, சால்ட் லேக்கில் நல்ல வேலை, டாக்குரியாவில் சொந்த ஃபிளாட், பத்தாவது படிக்கும் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி. இதில் பாவம் எங்கே வந்தது? கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். நான் ராஜலக்ஷ்மி, விஜிக்குக் கீழ் வீட்டில் இருப்பவள். கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். இந்தக் கதையை என்னைப் போல ஒருத்தி சொல்வதுதான் சரி.

கம்பெனிகள் ஃபோனில் போடும் வீடியோக்களை யார் பார்க்கிறார்கள், எந்த விநாடியில் அலுத்துப்போய் நகர்கிறார்கள், எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்து, அடுத்த வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. அந்த வித்தையைத்தான் எங்கள் தெரு துர்கா பூஜை கிளப்புக்கு ஒரு பைசா வாங்காமல் செய்து கொடுத்தாள்.

அவள் கையில் எடுத்தபோது கிளப் பக்கத்தை நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் வரவேற்புரை தொடங்கி நாலாவது விநாடியிலேயே முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்று கிராஃபைப் போட்டுக் காட்டினாள். தலைவர் ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதல் விநாடியிலேயே அம்மன் முகம் வர வேண்டும் என்றாள். சாயங்காலம் ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதால், சொல்வதையெல்லாம் எழுத்தில் போட வைத்தாள். லைக் மரியாதைக்குப் போடுவது, சேமித்து வைப்பதுதான் தேவைக்குச் செய்வது என்பாள். பிரசாதச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்ற சாதாரண அறிவிப்பைத்தான் ஜனங்கள் அதிகம் சேமித்திருந்தார்கள். நாலே வருஷத்தில் எழுபதாயிரம் பேர். தூரத்து பேஹாலாவிலிருந்தெல்லாம் எங்கள் பந்தலைப் பார்க்க வந்தார்கள்.

தசமியன்று இங்கே சிந்தூர் கேலா நடக்கும். சுமங்கலிகள் அம்மனுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொண்டு சிரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் கேமரா தவறாமல் விஜியின் கைக்குப் போய்விடும். "நீங்கதான் நல்லா எடுப்பீங்க, பௌதி" என்பார்கள். பௌதி என்றால் அண்ணி. விதவை வரக் கூடாது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. அத்தனை நாசூக்கு. நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நவராத்திரிக்கு அவளை என் வீட்டுக் கொலுவுக்குக் கூப்பிட்டு, சுண்டலை அவளிடமும் வெற்றிலை பாக்கை அவள் பெண்ணிடமும் கொடுத்தவள்தான் நான்.

போன வருஷ தசமியன்று கிளப் செயலாளர் சுபங்கர், முப்பத்திரண்டு வயதுப் பையன், இந்த முறை தானே எடுப்பதாகச் சொல்லிக் கேமராவை வாங்கிக்கொண்டான். அடுத்த நிமிஷம் எதிர்வீட்டு ஸ்னேகா விஜியைக் கூட்டத்துக்குள் இழுத்து, இரண்டு கன்னத்திலும் சிவப்பை அப்பிவிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கள் தெருவில் விதவை என்று யாரும் இல்லை" என்ற வரியோடு பத்து விநாடி வீடியோவாக அது சாயங்காலமே வெளியே போனது. விஜியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வாரத்தில் பதினாலு லட்சம் பேர் பார்த்தார்கள். வீடியோ நன்றாக வந்திருக்கிறது என்று நான் சொன்னபோது, விஜி தலையை மட்டும் ஆட்டினாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இந்த ஆகஸ்டில் கிளப்பிலிருந்து ஆள் வந்தது. தலைமுடி எண்ணெய்க் கம்பெனி ஒன்று விளம்பரம் தரத் தயாராம். அதே மாதிரி வீடியோ வேண்டுமாம். விஜியோடு இன்னும் நாலு விதவைகளைச் சேர்த்தால் பிரமாதமாக இருக்குமாம். அதற்கான திட்டத்தை விஜியே போட்டுத் தர வேண்டுமாம்.

திட்டம் போடுவதற்காக அவள் கிளப்பின் போன வருஷப் பட்டியலைத் திறந்திருக்கிறாள். எந்த நாளில் எந்த வீடியோ என்று சுபங்கர் எழுதி வைத்தது. அதில் தசமிக்கு நேரே இப்படி இருந்தது: "பகல் பதினொன்று இருபது. விஜி பௌதி. முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ஸ்னேகா பூசுவாள். முகம் மட்டும், கிட்டத்தில்." காரணம் என்ற கட்டத்தில், விஜியே அதற்கு முந்தின வருஷம் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டிலிருந்து இரண்டு வரி: "கூட்டத்தைக் காட்டினால் மூன்று விநாடிதான் நிற்கிறார்கள். எதிர்பாராமல் மாறுகிற ஒரே ஒரு முகத்தைக் காட்டினால் கடைசிவரை நிற்கிறார்கள்."

லேப்டாப்போடு என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். வாங்கிப் படித்தேன். அவள் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்து அவளையே வேட்டையாடியிருக்கிறார்கள். அந்த வீடியோவின் கிராஃபையும் காட்டினாள். எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் ஆறாவது விநாடி, அவள் கண் கலங்கும் இடம். ஆனந்தக் கண்ணீர் என்று ஆயிரக்கணக்கான பேர் கீழே எழுதியிருந்தார்கள்.

"அது ஆனந்தம் இல்லை அக்கா. பல்லைக் கடிச்சுண்டு நின்னேன். அவர் போனதுக்கப்பறம் என் முகத்தை யாரும் தொட்டதில்லை. கேக்காம தொட்டுட்டா."

நீங்களும் யாருக்காவது அனுப்பினீர்களா என்று கேட்டாள். ஒன்பது குரூப்புக்கு அனுப்பினேன் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் அறையில் கூட்டம். டீயும், சிங்காரா என்று இங்கே சொல்கிற சமோசாவும் வைத்திருந்தார்கள், ஏதோ விசேஷம் போல. நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். பேச்செல்லாம் வங்காளத்தில்தான், நான் நம் தமிழில் சொல்கிறேன். விஜி திரையில் புதுத் திட்டம் எதையும் போடவில்லை. அந்தப் பட்டியலின் ஒரே ஒரு வரியைப் போட்டாள். ஸ்னேகா படித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சுபங்கருக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் சொன்னபடிதானே செய்தோம், பலனைப் பாருங்கள் என்றான். எனக்குக் கை அரித்தது.

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் நெனச்சோம்" என்றாள் ஸ்னேகா.

"சந்தோஷப்படுத்தணும்னா முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே. நாலு தசமியும் அங்கேயேதான் நின்னேன். என் கையில கேமரா இருந்த வரைக்கும் ஒருத்தரும் கூப்பிடலை" என்றாள் விஜி.

நடந்தது நடந்துவிட்டது, விளம்பரக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டாமா என்று தலைவர் மெதுவாக இழுத்தார். விஜி ஃபோனை எடுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீடியோவை அழித்தாள். பக்கத்தை நிர்வகிக்கும் உரிமை அவளிடம்தான் இருந்தது. சுபங்கர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். பதினாலு லட்சம் பேர் பார்த்ததை அழித்துவிட்டு இந்த வருஷம் எதைப் போடுவது என்று கத்தினான்.

"ஒரு முகம்தானே வேணும்? உங்க அம்மாவைக் கூப்பிடுங்க" என்றாள் விஜி.

அவன் அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அம்மா பந்தலுக்கு நேரெதிர் வீட்டில்தான் இருக்கிறார். தசமியன்று ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

"எங்கம்மாவை எதுக்கு இதுல இழுக்கறீங்க? அவங்களை என்ன, வேடிக்கைப் பொருளா ஆக்கப் பாக்கறீங்களா?" என்றான் சுபங்கர். யோசிக்கவே இல்லை, சட்டென்று வந்தது.

விஜி லேப்டாப்பை மூடினாள்.

"இதைத்தான் போன வருஷம் எனக்காக யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன்" என்றாள்.

நான் உள்பட, அங்கே இருந்த ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.