சாயங்காலம் வருகிறேன் என்றேன்

எழுபதுகளில் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் மூன்று மெஷின்கள் உதிரிபாகம் இல்லாமல் நின்றுவிட்டன. ஸ்காட்லாந்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் மூடிய மில்லில் கிடைக்கும் என்றார்கள். வாங்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

அங்கே படித்துக்கொண்டிருந்த மச்சினன் கார் ஓட்டினான். செம்மறியாடுகள் மறித்த மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஓர் அம்மாள் தண்ணீர் ஊற்றி, டீயும் கொடுத்தார். 'போறேன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால், "போயிட்டு வர்றேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எப்போது?" என்று கேட்டார்.

"சாயங்காலம்" என்று சும்மா சொல்லிவைத்தேன்.

பாகங்கள் கிடைத்துவிட்டன. குறுக்குவழியில் திரும்பலாம் என்றேன்.

மச்சினன் வண்டியை எடுக்கவில்லை. "ஏனுங்க மச்சான், அந்தம்மா நெசமாலுமே காத்திருப்பாங்க. இங்க வர்றேன்னா வர்றதுதானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "வந்த ரோட்டுலயே உடு மாப்ள!"

மழைத் தூறலில் அவர் கேட்டருகே நின்றிருந்தார். உள்ளே மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன.

ஊர் திரும்பியதும் மெஷின்கள் மறுபடி ஓடின. அன்றிலிருந்து யாரிடமாவது போயிட்டு வர்றேன் என்று சொன்னால், நான் திரும்பப் போய் நிற்கிறேன்.