ஐந்து கோழிகளும் ஓர் ஆளி விதை உருண்டையும்

லிஃப்ட்காரரைப் போல வாழ்க்கையில் மேலே போனவரும் இல்லை. போன வேகத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தவரும் இல்லை. முப்பது வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு இருட்டில் இரும்புக் கயிறுகளைத் தடவிப் பார்ப்பதுதான் அவருக்குச் சொர்க்கம். வீட்டில் பல்பு மாற்ற நாற்காலிமேல் ஏறச் சொன்னால் மட்டும் முழங்கால் வலி வந்துவிடும்.

ஒரு நாள் ஏழாவது மாடி உயரத்தில் அவருக்குத் தலை சுற்றியது. கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். கம்பெனி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தமும் அதிகம், ரத்தத்தில் கொழுப்பும் அதிகம், மூன்று மாதம் பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்றார். அதற்குள் இரண்டும் இறங்கினால் இவர் ஏறலாம். இறங்காவிட்டால் கடைசிவரை தரைதான்.

மாத்திரை, நடை, பொரித்ததற்குத் தடை என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். கூடப் போயிருந்த மனைவி, சாப்பாட்டில் வேறு ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்டாள். ஆளி விதை நல்லது, அதில் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒரு கொழுப்பு இருக்கிறது, இதயத்துக்கு உகந்தது, முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், அரைத்துத் தினம் ஒரு ஸ்பூன் கொடுங்கள் என்றார் டாக்டர். இதை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார். கொழுப்பிலும் நல்லது உண்டு என்று கேட்டதும் லிஃப்ட்காரர் முகம் மலர்ந்தது. வறுத்த கடலையின் பெயரைச் சொல்வாரோ என்று காத்திருந்தார், சொல்லவில்லை.

மனைவி வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள். அளவெடுத்தால் அரை விரற்கடை பிசகாது. மறுநாளே விதையை அரைத்து, பேரீச்சம்பழத்தோடு பிசைந்து, ஓர் உருண்டை பிடித்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துவிட்டாள். அவருடைய ஸ்கூட்டர் சாவியை எங்கே ஒளித்து வைத்தாள் என்பது அவளுக்கே வெளிச்சம். அவர் பட்டறைக்கு நடந்தார்.

உருண்டையை ஒரு கடி கடித்தார். மரத்தூளை மீன் தொட்ட கையால் பிசைந்தது போல இருந்தது. பட்டறைக்குப் பின்னால் வாட்ச்மேன் ஐந்து கோழி வளர்த்தார். லிஃப்ட்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உருண்டையை உதிர்த்துப் போட்டார். கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடி வந்தன. நமக்கு வேப்பங்காய், இதுகளுக்கு விருந்து என்று நினைத்துக்கொண்டார். அன்று முதல் அதுவே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் டப்பாவை நீட்டும்போது, உருண்டை எப்படி இருந்தது என்று அவள் கேட்பாள். அமிர்தம் என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பெருமை அவருக்கு.

ஆனால் கெடு நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டார். இருந்தாலும் அந்த விதையால் இறங்கியிருக்க வேண்டிய கொஞ்சநஞ்சம் கோழி வயிற்றில் அல்லவா போய்விட்டது? அதனாலேயே தரையோடு நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்வது? கோழிகள் வேறு பளபளவென்று மினுங்கி அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன.

சோதனையில் இரண்டுமே இறங்கியிருந்தன. மாத்திரையும் நடையும்தான் பெரிய வேலை செய்திருக்கின்றன, சாப்பாடும் தன் பங்குக்குக் கை கொடுத்திருக்கும் என்றார் டாக்டர். நாளையிலிருந்து மேலே ஏறலாம். வெளியே வந்ததும் லிஃப்ட்காரருக்கு நாக்கு நிற்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த உருண்டையில ஒண்ணுகூட நான் திங்கல."

"தெரியும்," என்றாள் அவள். "ரெண்டாம் நாளே வாட்ச்மேன் அண்ணன் வந்து சொல்லிட்டார்."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். அவள் நிற்காமல் மிச்சத்தையும் சொன்னாள். கோழிக்கு அந்தத் தீனி போட்டால் முட்டையில் அந்த நல்ல கொழுப்பு கொஞ்சம் சேருமாம், டாக்டரிடமே கேட்டுக்கொண்டாள். தினம் ஒரு முட்டை கொடுக்கவும் டாக்டர் சம்மதித்தார். அப்புறம் ஒரு பை விதையை வாட்ச்மேனிடம் கொடுத்து, கோழிகளுக்கு நன்றாகப் போடச் சொல்லி, முட்டையை வீட்டுக்கு வரவழைத்தாள். இவர் தினம் ராத்திரி சப்புக்கொட்டிச் சாப்பிட்ட அவித்த முட்டை அதுதான்.

"அன்னிக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க பொய் சொல்வீங்க. கோழிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவர் அசடு வழிந்தார். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள், குரல் கம்மிவிட்டது.

"நீங்க மேல ஏறுற ஒவ்வொரு நாளும், திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தையல் நேரா ஓடாதுங்க. மூணு மாசமாத்தான் நேரா ஓடுச்சு. அப்படியும் நீங்க ஏறணும்னுதான் இவ்வளவும் செஞ்சேன்."

அவர் எட்டி நடந்து அவளோடு சேர்ந்துகொண்டார்.

மறுநாள் மதியம் ஒன்பதாவது மாடியில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். உருண்டை இருந்தது. சுற்றிலும் பார்த்தார், அங்கே ஏது கோழி? முழுசாக மென்று தின்றார். அப்படியே மரத்தூள்தான். சாயங்காலம் அவள் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் பேரீச்சம்பழம் போடலாம் என்றார்.