சரவணன் முகத்தில் போட்ட சிவப்பு வட்டம்

1. மைதானத்துக்கு வந்த செய்தி

ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பல வருடம் பி.டி.யாக, அதாவது ஃபிசிக்கல் டைரக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெண் என்பதால் த்ரோபாலும் ரிங் டென்னிஸும் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்துத்தான் நிர்வாகம் என்னை எடுத்தது. நானோ ஆண்கள் கபடி டீமைக் கையில் எடுத்தேன். அந்த டீம் ஜோனல் மேட்ச் வரைக்கும் போனது. என் வேலையிலேயே மிக மோசமான மாதமும் அதே டீமால்தான் வந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பிராக்டிஸுக்குப் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். வந்தவர்களும் வார்ம்-அப் ஓடாமல் கும்பலாக நின்று ஒரு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். ஆவடி வட்டாரச் செய்தி போடும் ஏதோ ஒரு சேனல். 'ஜூனியர் மாணவனை அடித்து நொறுக்கிய கபடி ரவுடிகள்' என்று தலைப்பு. கீழே எங்கள் டீம் ஃபோட்டோ. பின்வரிசையில் நின்ற சரவணன் முகத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். முதல் வருடம் படிக்கும் முகிலனை அந்த சீசனில் பாடிப் போகிற ரெய்டராக எடுத்திருந்தேன். முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, மேட் சுருட்டி வைக்கும் அறையில் சீனியர்கள் சிலர் அவனை அடித்திருக்கிறார்கள். கன்னத்தில் விழுந்த ஒரே அடியில் இடது காதின் செவிப்பறை கிழிந்துவிட்டது. அவன் அப்பா போலீஸில் புகார் கொடுத்தார். முகிலன் பயத்தில் யார் பெயரையும் சொல்லவில்லை. "கபடி டீம் அண்ணனுங்க" என்று மட்டும் சொன்னான். புகாரிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

பெயரே இல்லாத புகாரில் சரவணனுக்கு மட்டும் எப்படி வட்டம் விழுந்தது? அவன் எங்கள் லெஃப்ட் கார்னர், எதிரணி ரெய்டரைப் பிடிக்கிறவன். நல்ல கறுப்பு, வாட்டசாட்டமான உடம்பு. திருப்பதி வேண்டுதலுக்காகத் தாடி வளர்த்திருந்தான். கேமராவைப் பார்த்தால் சிரிக்க வராது. அவ்வளவுதான் காரணம். யாரோ ஒருவருக்கு அந்த முகம் ரவுடி முகமாகத் தெரிந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை சரவணன் என்னோடுதான் இருந்தான். முட்டி வீங்கி நடக்க முடியாமல் இருந்தவனை நானே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, கோவில்பதாகையில் அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போனேன்.

நேராகப் பிரின்சிபாலைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"சார், அந்தப் பையன் என்கூட இருந்தான். காலேஜ் சார்பா ஒரு வரி மறுப்பு கொடுங்க."

"அவன் இல்லைன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்களே மேடம். நம்மகிட்ட பதில் இருக்கா?"

"இல்ல சார். விசாரிக்கணும்."

"விசாரிப்போம். அதுவரைக்கும் ஜனங்க யாரையாவது திட்டிட்டுப் போகட்டும். நீங்க வெளிய எதுவும் பேசிடாதீங்க."

யாரையாவது என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவருடைய கல்லூரியில் ஃபீஸ் கட்டிப் படிக்கிற ஒருவனைத்தான் அப்படிச் சொன்னார்.

வெளியே வந்து அந்தச் சேனலுக்கு நானே ஃபோன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "மேடம், ஃபார்வர்டா வந்துச்சு, போட்டோம். தப்பு பண்ணலைன்னா பையன் ஸ்டேஷன்ல நிரூபிச்சுட்டு வரட்டும். அதையும் போட்டுடறோம்." வட்டம் போட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வட்டத்துக்குள் இருக்கிறவன்தான் நிரூபிக்க வேண்டுமாம்.

2. பருத்திப்பட்டு ஃப்ளாட்டில்

மறுநாள் சரவணனின் அம்மா செல்வி கல்லூரி வாசலில் வந்து நின்றாள். பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒரு பெரிய ஃப்ளாட்டில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறவள்.

"கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க மேடம். வாட்ச்மேன் அண்ணாத்தே நல்லவரு. அவரே தலைய தொங்கப் போட்டுக்கினு சொல்றாரு, உன்ன உள்ள உடக்கூடாதுன்னு குரூப்ல போட்டுகீறாங்கன்னு. எம்புள்ள இன்னா பண்ணான் மேடம்? அவன் ஊட்ட உட்டு வெளிய வர மாட்டேங்கறான்."

அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஃப்ளாட்டுக்குப் போனேன். அசோசியேஷன் செகரெட்டரி கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல பதவியில் இருப்பவர். குரலை உயர்த்தவே இல்லை. என்னை மட்டும் உட்காரச் சொன்னார். செல்வி நின்றுகொண்டிருந்ததால் நானும் நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கொழந்தைங்க இருக்கற எடமுங்க. ரிஸ்க் எடுக்க முடியாதுங்க."

"இவங்க யாரையாவது அடிச்சாங்களா?"

"இவங்க பையன்தானுங்களே..."

"அவன் அந்த நேரத்துல என்கூட ஆஸ்பத்திரியில இருந்தான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நீங்க அந்தப் பசங்களோட பி.டி. சப்போர்ட் பண்ணித்தானுங்க பேசுவீங்க. எங்க பிளாக் பையன் விவேக்கும் அதே டீம்தானுங்க, கேப்டன். எவ்வளவு டீசன்ட்டான பையன் தெரியுங்களா? இந்த மாதிரி ஆளுங்களோட சேர்ந்ததுல அவன் பேரும் கெடுதுங்க."

அவருடைய ஃபோனில் ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குரூப்பைக் காட்டினார், நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நான் புரிந்துகொள்வதற்காக. இவனுங்களை ஓடவிட்டுச் சுடணும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஏரியா ஆளுங்களே இப்படித்தான் என்று இன்னொருவர். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். டீமில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அந்தக் குரூப்பில் ஒருவருக்கும் விவேக்கின் முகத்தைச் சுற்றி வட்டம் போடத் தோன்றவில்லை. அவன் சிவப்பாக இருந்தான், ஷேவ் செய்திருந்தான், லிஃப்டில் ஆங்கிலத்தில் குட் மார்னிங் சொல்வான்.

செல்வி என் கையைத் தொட்டு, "வா மேடம், போலாம்" என்றாள். படியிறங்கி, கேட்டைத் தாண்டிய பிறகுதான் அழுதாள்.

3. முகிலன் பேசியது

அன்று மாலையே முகிலனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காதில் பஞ்சு வைத்து வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் பேச ஆரம்பித்ததும் எழுந்து, நல்ல காது என் பக்கம் வருகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தான். அவன் அப்பா ஒரு ஃபாக்டரியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. வலி எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். அவனே ஆரம்பித்தான்.

"சரவணன் அண்ணன் ஃபோட்டோவ எல்லாரும் அனுப்பறாங்களாமே மேடம்? என் ஃப்ரெண்டு காட்டினான்."

"ஆமாப்பா."

"அவர் இல்ல மேடம். அவர் அன்னிக்கு வரவே இல்ல. இருந்திருந்தா என்னை அடிக்க விட்டிருக்க மாட்டார்."

அப்பா குறுக்கே வந்தார். "இன்னாத்துக்கு மேடம் இவன கிளறிக்கினு? பேரு சொன்னா நாளைக்கு அந்தக் காலேஜ்ல இவன படிக்க உடுவாங்களா? காது சரியானா போதும் எங்களுக்கு."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகிலன் அப்பா பக்கம் திரும்பினான்.

"நான் சொல்லாம இருந்தா அவரைத்தானப்பா திட்டிக்கினே இருப்பாங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "கேப்டன்தான் மேடம் அடிச்சாரு. கூட ரெண்டு பேரு கையைப் பிடிச்சிக்கினாங்க. அவரு ஃப்ரெண்டுக்குப் பதிலா என்னை எடுத்தீங்கன்னு கோவம். ஸ்டேஷன்லயும் சொல்றேன்" என்றான்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "சொல்லுடா. நானும் வரேன்" என்றார்.

காது கிழிந்து படுத்திருந்தவன், தனக்காகச் சொல்லத் துணியாத பெயரை இன்னொருவனுக்காகச் சொன்னான். இந்த ஊரில் அந்த வாரம் நான் கேட்ட நேர்மையான பேச்சு அது ஒன்றுதான்.

4. அதே ஆட்கள், வேறு பேச்சு

விவேக்கையும் மற்ற இருவரையும் போலீஸ் விசாரணைக்கு அழைத்தது. மூவரும் ஒத்துக்கொண்டார்கள். இனிமேலாவது சரவணன் மேல் விழுந்த பழி துடைக்கப்படும் என்று நினைத்தேன். நடந்தது வேறு.

ஓடவிட்டுச் சுடச் சொன்ன குரூப்பில், 'யாரும் ஃபோட்டோ ஷேர் செய்ய வேண்டாம், ஒரு மாணவனின் எதிர்காலம்' என்று செய்தி வந்தது. செகரெட்டரியே எனக்கு ஃபோன் செய்தார். "சின்னப் பசங்க வெளையாட்டுங்க மேடம். கேம்பஸ் இன்டர்வியூ வர்ற நேரம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பையன் வீட்ல கேஸை வாபஸ் வாங்கிக்குவாங்க." சரவணனுக்கு எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதைவிட மோசம், முகிலன் பக்கம் திரும்பிய பேச்சு. ஒரே ஓர் அடிக்கு இவ்வளவு சீன் போடுகிறானா என்றார்கள். ஜோனல் மேட்ச் வர்ற நேரத்தில் டீமைக் கெடுத்துவிட்டான் என்று பழைய மாணவர்கள் நேரில் வந்து என்னிடமே சொன்னார்கள். அதில் ஒருவன் நான் கோச் செய்து வளர்த்தவன். "மேடம், கப்பு நம்ம கையில இருக்கு. என்கொயரிய ஜோனல் முடிஞ்சதும் வெச்சுக்கலாமே" என்றான். பிரின்சிபாலும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்.

நான் ஜோனலிலிருந்து டீமை வாபஸ் வாங்கினேன். ஆட்டத்தில், மேட் மேல் ஒருவனைத் தூக்கி எறிய உரிமை உண்டு, அந்த மேட்டைச் சுருட்டி வைக்கும் அறையில் கிடையாது என்று டீமைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிலர் முறைத்தார்கள். சரவணன் மட்டும், "ஓகே மேடம்" என்றான். அது அவனுக்குக் கடைசி வருடம். ஜோனலில் ஆடியிருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு சர்டிஃபிகேட் கிடைத்திருக்கும். அதுவும் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு விவேக் மேல் மட்டும் இல்லை.

என்கொயரி கமிட்டியில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூவரையும் ஒரு வருடம் சஸ்பெண்ட் செய்தார்கள். கேஸ் கோர்ட்டில் நடக்கிறது. முகிலனுக்கு ஆபரேஷன் நடந்தது. இடது காதில் முழுதாகக் கேட்காது. அடுத்த சீசனில் திரும்ப ஆட வந்தான். ரெய்டு போகும்போது இடது பக்கம் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறான், அதில் ஒரு நொடி போகிறது.

ஃப்ளாட்டில் செல்வியை மறுபடி அனுமதிக்கலாம் என்று வாட்ச்மேனுக்கு ஒரு வரி போட்டார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. ஒரு வீட்டு அம்மாள் மட்டும் கோவில்பதாகைக்கு நேரில் வந்து, "நான் அந்தக் குரூப்ல பேசாம இருந்துட்டேன் செல்வி" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்கு மட்டும் அவள் திரும்பப் போனாள். இன்னொரு வீட்டை விட்டுவிட்டாள். "கூப்ட்டுக்கினுதான் கீறாங்க மேடம். எனக்குத்தான் அந்தப் படி ஏற கால் வரல" என்றாள்.

சரவணன் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். இன்டர்வியூவில் அந்தச் செய்தியை ஃபோனில் காட்டி, இது நீதானா என்று கேட்டிருக்கிறார்கள். சேனல் அந்தப் பழைய செய்தியை நீக்கவே இல்லை. உண்மை தெரிந்த பிறகு போட்ட செய்தியில் விவேக்கின் பெயரும் இல்லை, சரவணனின் பெயரும் இல்லை.

5. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

உங்கள் டீம் மேலும் ஒருநாள் புகார் வரலாம். அன்று காலையிலேயே எல்லோரும் உங்களிடம் பதில் கேட்பார்கள். பசங்க நல்லவங்கதான் என்று மொத்த டீமுக்கும் ஜாமீன் நிற்காதீர்கள். எல்லாரும் ரவுடிங்க என்று சொல்கிறவர்களுக்குத் தலையாட்டவும் வேண்டாம். இரண்டுமே சுலபம். இரண்டிலும் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்கிற வேலை மிச்சம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள், மேலதிகாரி வாயை மூடச் சொன்னாலும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். அந்த ஒரு மாதத்தில் எனக்கு எத்தனையோ பேர் ஃபோன் செய்தார்கள். டீமைக் கலைக்கச் சொன்னார்கள், பெயர் கேட்டார்கள், மேட்ச் என்னாகும் என்று கேட்டார்கள், கேஸை முடிக்கச் சொன்னார்கள். அந்தப் பையனுக்குக் காது கேட்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.